எழுத்தை எண்ணவிடாதவர்

எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த அன்று மேடம் கம்ப்யூட்டரைத் திரும்பியும் பார்க்கவில்லை. செருப்பை வாசலில் விட்டு, கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, நேரே ராத்தாவின் கட்டிலுக்குப் போனார். தரையில் மண்டியிட்டு, ராத்தாவின் தலையணை ஓரத்தில் தன் தலையையும் சாய்த்துக்கொண்டு எதிரே இருந்த டிவியைப் பார்த்தார். உம்மா என்னைப் பார்த்தாள். நான் உம்மாவைப் பார்த்தேன்.

"சன்னல் வெளிச்சம் கண்ணாடியில அடிக்கு. இங்கன இருந்து பாத்தா பாதித் திரை தெரியலையே," என்றார். பிறகு ராத்தாவின் பக்கம் திரும்பி, "இத்தன நாளும் இப்படித்தான் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

ராத்தா கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். அதுதான் அவளுடைய 'ஆமாம்'.

அந்த டிவியை அங்கே வைத்தது நான்தான். ராத்தாவுக்குப் பொழுது போகட்டும் என்று வைத்தேன். அந்தத் தலையணையிலிருந்து அது எப்படித் தெரிகிறது என்று பார்க்க எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

ராத்தா என் மூத்த சகோதரி. மகள் நூரா பிறந்த சில மாதங்களில் மூளையில் ரத்தம் அடைத்து விழுந்தவள். ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது அவளிடம் மிஞ்சியிருந்தவை கண்களும் வலது கைப் பெருவிரலும்தான். பேச்சு போய்விட்டது. ஆனால் காதும் அறிவும் முழுசாக இருந்தன. அது தெரிந்தவர்கள் எங்கள் வீட்டில் மட்டும்தான். வருகிறவர்கள் எல்லோரும் அவள் தலைக்கு மேலாகவே பேசிவிட்டுப் போவார்கள்.

நான் அப்போது முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ரசீது எழுதும் வேலையில் இருந்தேன். மேலப்பாளையத்திலிருந்து தினமும் பஸ். மேடம் அங்கே பாடம் எடுத்தார். அம்பாசமுத்திரத்துக்காரர். கல்யாணத்துக்கு முன்பு பம்பாயில் ஒரு கம்பெனியில் இருந்தாராம். ஓர் இயந்திரத்துக்கு எழுதிய நிரலை வேறு சாதி இயந்திரத்தில் ஓடவைப்பதுதான் அங்கே அவருக்கு வேலை. வீட்டுக்காரருக்கு வங்கியில் திருநெல்வேலிக்கு மாற்றல் வந்ததால் வந்திருந்தார். நாங்கள் மேடம் என்போம். உம்மா கடைசிவரை டீச்சர் என்றாள்.

சென்டரில் அவரைப் பற்றிப் பையன்களுக்கு ஒரு பயம் இருந்தது. எவனாவது நிரல் எழுதி, "ஓடிருச்சு மேடம்!" என்று கத்தினால் அவர் உடனே அவன் ஃப்ளாப்பியை உருவிக்கொண்டு போய் மூலையில் கிடக்கும் ஓட்டை மெஷினில் போடுவார். பெரும்பாலும் அங்கே நின்றுவிடும்.

"ஏலே, உன் மெஷினுக்குத்தான் உன்னத் தெரியும். இதுக்கு உன்னத் தெரியாதுல்லா? தெரியாத இடத்துலயும் ஓடணும்," என்பார்.

பையன்கள் நொந்துகொள்வார்கள். சென்டர் முதலாளியும்தான். "பயலுவ சந்தோசமா வீட்டுக்குப் போகட்டுமே மேடம். என்னத்துக்கு எல்லாத்தையும் போட்டுக் கவுக்கீங்க?" என்று ஒருநாள் நேரடியாகவே கேட்டுவிட்டார். மேடம் யோசித்துப் பார்த்து, "கவுந்தா இங்கனயே கவுந்துரட்டும் அண்ணாச்சி," என்று மட்டும் சொன்னார்.

எதையும் இப்படித்தான். எங்கள் உம்மாவின் இடியாப்பம் அவருக்குப் பிடித்துப்போய் அளவு கேட்டுக்கொண்டு போனார். அடுத்த முறை வந்ததும் முதல் வேலையாக உம்மாவிடம், "ஆத்துத் தண்ணிக்கு நீங்க சொன்ன அளவு எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணிக்கு ஒத்துவரலம்மா. ரெண்டுக்கும் தனித்தனியாச் சொல்லுங்க," என்றார். உம்மா கண்ணளவில் மாவு எடுக்கிறவள். அன்றைக்குத்தான் தன் கையை ஒரு கிண்ணத்தால் அளந்து பார்த்தாள்.

அவரை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தது அந்தக் கம்ப்யூட்டர்தான். மச்சான், அதாவது ராத்தாவின் வீட்டுக்காரர், சவூதியிலிருந்து ஒரு விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தது. அடுப்புக்கட்டி அளவுக்கு ஒரு விசைப்பலகை. அதில் பாதி அரபி எழுத்து. டிவியில் மாட்டிக்கொள்ள வேண்டும். விளையாட்டை டேப் ரிக்கார்டர் கேசட்டிலிருந்து ஏற்ற வேண்டும். அந்தக் காலத்தில் மேலப்பாளையத்தில் வளைகுடாவுக்குப் போன வீடுகளில் இப்படி விதவிதமான மெஷின்கள் பரணில் கிடந்தன. ஒன்றுக்கு ஒன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒன்றின் கேசட் இன்னொன்றில் ஏறாது. சென்டரில் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். கூடவே ராத்தாவைப் பற்றியும் சொன்னேன். மேடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"பெருவிரல அமுத்த முடியுமா?"

காலிங் பெல் பொத்தான் ஒன்றை வாங்கி வயர் இழுத்து ராத்தாவின் பெருவிரலுக்கு அடியில் கட்டினார். திரையில் தமிழ் எழுத்துகள் வரிசை வரிசையாக நிற்கும். வெளிச்சம் ஒவ்வொரு வரிசையாக இறங்கி வரும். வேண்டிய வரிசையில் அமுக்கினால் அந்த வரிசைக்குள் எழுத்து எழுத்தாக நகரும். மறுபடி அமுக்கினால் அந்த எழுத்து கீழே விழும். எழுத்து வடிவங்களைக் கட்டம்போட்ட தாளில் அவரே வரைந்தார். நிரலைச் சென்டரில் எழுதி, கேசட்டில் பதிந்து, கைப்பையில் கொண்டுவருவார். ஒருநாள் அதைப் பாட்டுக் கேசட் என்று நினைத்து உம்மா போட்டுவிட்டாள். வந்த கீச்சுச் சத்தத்தில் கோழிகள் கொல்லைப்பக்கம் ஓடின.

ராத்தா முதலில் எழுதியது என்ன என்று இப்போதும் கேட்பவர்கள் உண்டு. ஏதோ பெரிதாக எதிர்பார்ப்பார்கள். அவள் எழுதியது: 'ஃபேன் வேண்டாம். குளிருது.'

விழுந்த நாளிலிருந்து அவள் தலைக்கு நேரே அந்த ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. படுக்கைப் புண் வந்துவிடக் கூடாது என்று நாங்கள்தான் நிறுத்தாமல் ஓடவிட்டோம். உம்மா ஓடிப்போய் சுவிட்சை அணைத்துவிட்டு அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு மேடத்தின் கையைப் பிடித்து, "சரியாயிருச்சும்மா, எல்லாம் சரியாயிருச்சு," என்றாள்.

மேடம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இதுவரைக்கும் சரி," என்றார்.

உம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. "நல்ல நேரத்துல இப்படியா சொல்லுவாவ?" என்று அவர் போன பிறகு என்னிடம் குறைப்பட்டாள். எனக்கும் வருத்தம்தான். சந்தோஷத்தை முழுசாக வாங்கிக்கொள்ளத் தெரியாத மனுஷி என்று நினைத்தேன்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் இடி இறங்கியது. தெருவில் பல வீடுகளில் டிவி போனது. எங்கள் வீட்டில் டிவியோடு அந்த மெஷினும் போனது. ராத்தாவுக்குப் பேச்சு இரண்டாவது முறையும் போனது. முதல் தடவையாவது அவளுக்கு நினைவு தப்பியிருந்தது. இந்த முறை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

மேடம் வந்து மெஷினைத் திறந்து பார்த்தார். கருகிப்போயிருந்தது. "இதே மாதிரி இன்னொன்னு இந்த ஊர்ல இருக்கா?" என்று கேட்டார். டிவியைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு, நானும் உம்மாவும் தெருத் தெருவாக விசாரித்தோம். அதே மாதிரி கிடைக்கவில்லை. ஆசாத் ரோட்டுப் பக்கம் ஒரு வீட்டுப் பரணில் வேறொன்று கிடந்தது. பெரியது, பழுப்பு நிறம், பையன்கள் விளையாடிச் சலித்துப் போட்டது. கேட்டவுடன் கொடுத்தார்கள். மேடம் அதன் மூடியைக் கழற்றி உள்ளே இருந்த சில்லைப் பார்த்துவிட்டு, "இது வேற ஆளு," என்றார்.

சில வாரங்கள் ஆயின. ஒரு வியாழக்கிழமை பகலில் கொண்டுவந்து பூட்டினார். இந்த முறை புதிதாக ஒன்று சேர்த்திருந்தார். ராத்தா ஒருவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் மெஷின் மணி அடிக்கும். அவர் வந்ததும் அவருக்கான சேதியை எழுதலாம். ராத்தா 'உம்மா' என்று எழுதினாள். மணி அடித்தது. 'தண்ணி' என்றாள். பிறகு 'சபியா' என்று என்னைக் கூப்பிட்டு, 'தலை சீவி விடு' என்றாள். எல்லாம் ஓடியது. நூரா அன்று பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

அந்தச் சாயங்காலம் ராத்தா நூராவைக் கூப்பிட்டாள். மணி அடித்தது. பிள்ளை ஓடிவந்து கட்டிலில் ஏறி உட்கார்ந்தது. சேதி எழுத ராத்தா பொத்தானை அமுக்கினாள். திரையில் தாறுமாறாகக் கோடுகள் விழுந்து மெஷின் செத்துப்போனது.

அணைத்துப் போட்டோம். ஓடியது. மறுநாளும் நூராவைக் கூப்பிட்டதும் அதே கதி. கரண்ட் சரியில்லை என்றேன் நான். உம்மா பிள்ளைக்குக் கண்ணேறு கழித்தாள். பிறகு சில நாளில் அந்தக் கோளாறு தானாகவே நின்றுபோனது. நாங்களும் மறந்துவிட்டோம், மேடத்திடம் சொல்லவும் இல்லை.

மச்சான் அடுத்த முறை ஊருக்கு வந்தது ஒரு முடிவோடு. சென்னையில் இருந்த அவருடைய அக்கா, நூராவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்ப் படிக்கவைக்கிறேன் என்றிருந்தார். பிள்ளை இல்லாதவர், நல்ல மனுஷி. தாய் இப்படிக் கிடக்கும் வீட்டில் பெண் பிள்ளை வளர வேண்டாம் என்று குடும்பத்தில் எல்லோரும் பேசிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் பிறகு மச்சானின் தாய்மாமா வந்து பேசி முடிப்பதாக ஏற்பாடு. ராத்தா கட்டிலில் கிடந்தபடி இதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். 'நானும் பேசணும்' என்று மச்சானுக்கு எழுதிக் காட்டினாள். அவர் சரி என்றார்.

அதற்கு முந்தின திங்கட்கிழமை மேடம் வந்திருந்தார். ராத்தா நூராவைக் கூப்பிட்டாள். மேடம் திரையைப் பார்த்து, "அது என்ன புள்ளி?" என்றார்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். 'நூரா.' என்று இருந்தது. பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி.

ராத்தா மெதுவாக எழுதினாள். 'புள்ளி இல்லாட்டி நின்னுரும்.'

"எப்பலேருந்து?"

'முதல்லருந்து.'

"யாரு சொன்னா புள்ளி வைக்க?"

'நானே வச்சுப் பாத்தேன். உம்மாவுக்கு வேண்டாம். சபியாவுக்கு வேண்டாம். நூராவுக்கு வேணும்.'

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

இதற்கு ராத்தா வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். 'நீங்க சங்கடப்படுவீங்க.'

மேடத்தின் முகம் அப்படி ஆனதை நான் அதற்கு முன்பும் பின்பும் பார்த்ததில்லை. "உங்க பிள்ளையக் கூப்பிட என் மெஷினுக்கு நீங்க என்னத்துக்குங்க புள்ளி வைக்கணும்?" என்றார். எழுந்து வயர்களைக் கழற்ற ஆரம்பித்தார்.

மச்சான் பதறிப்போனார். "மேடம், அதான் புள்ளி வச்சா ஓடுதே. வெள்ளிக்கிழமை பேச்சு முடியட்டும். பெறகு பைய பாத்துக்கிடுங்க."

"பேசணும்னு இருக்கவங்க எழுத்த எண்ணிக்கிட்டா இருப்பாங்க? அன்னைக்கு அவங்க யார யாரக் கூப்பிடணுமோ. வியாழக்கிழமை கொண்டாருதேன்."

"கொண்டாராட்டி?"

"கொண்டாருதேன்."

மச்சான் ராத்தாவைப் பார்த்தார். ராத்தா கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள்.

சென்டரில் அந்த மூன்று நாளும் அவர் வகுப்பு எடுத்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் அந்த மெஷினோடுதான் இருந்தார். செவ்வாய்க்கிழமை மத்தியானமே கோளாறு பிடிபட்டுவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் சொன்னார். மெஷினின் நினைவகம் வரிசையாக எண் போட்ட அறைகள் மாதிரி. கருகிப்போன பழைய மெஷின் எந்த அறையிலிருந்தும் எடுக்கும். புதிய மெஷின் எண்களை இரண்டிரண்டு அறையாகத்தான் எடுக்கும், அதுவும் இரட்டைப்படை அறையில் தொடங்கினால் மட்டும். ஒற்றைப்படை அறையில் தொடங்கச் சொன்னால் அந்த இடத்திலேயே விழுந்துவிடும்.

"பழைய மெஷின்ல இடம் கொஞ்சம். ஒரு அறை வீணாகக் கூடாதுன்னு பேரையும் சேதியோட நீளத்தையும் ஒட்ட ஒட்ட அடுக்கியிருந்தேன். உம்மான்னா நாலு வடிவம். உன் பேரும் நாலு. நூரா மூணு. நூ, ர, பெறகு கால். மெஷின் பூஜ்யத்துலேருந்து எண்ணும்லா, பூஜ்யம், ஒண்ணு, ரெண்டோட பேரு முடிஞ்சிருது. அடுத்து வர்ற நீளம் மூணுங்கிற ஒத்தைப்படையில போய் விழுது. புள்ளி வச்சா நாலு." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. "பம்பாய்ல இதே தப்ப அடுத்தவங்க எழுதினதுல எத்தனையோ தடவை பிடிச்சிருக்கேன்."

"அப்போ ஒரு அறையச் சும்மா விட்டா போதும்லா மேடம்?"

"இந்த மெஷினுக்குப் போதும். நாளைக்கு இதும் போச்சுன்னா? நாலு நாலா எடுக்கிறது வந்து சேரும். எட்டு எட்டா எடுக்கிறதும் இருக்கு. வர்ற மெஷினுக்கு எவ்வளவு வேணும்னு தெரிஞ்சு அதுக்குத் தக்கன இடம் விடணும். மெஷின் மாறட்டும், அவங்க மாறக் கூடாது."

வியாழக்கிழமை இருட்டுவதற்குள் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். நூராவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, எங்கள் சொந்தக்காரர் பெயர்களையெல்லாம் கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். தெருவில் உள்ளவர்கள் பெயர், கடைசியில் கோழிக்கு நூரா வைத்த பெயர் வரைக்கும்.

மறுநாள் எல்லோரும் வந்தார்கள். மச்சான், அவருடைய அக்கா, தாய்மாமா. மாமா பெரிய மனிதர், நியாயஸ்தர். திரையைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "தப்பா நினைக்காதீங்க டீச்சர். இது அந்தப் பிள்ள பேசுதா, இல்ல நீங்க எழுதி வச்சது வருதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

உம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. மேடத்துக்கு வரவில்லை. "நியாயமான சந்தேகம்தான். நான் தெருவுக்குப் போயிருதேன். எனக்குத் தெரியாத எதையாவது அவங்ககிட்டக் கேளுங்க," என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மாமா தாடியைத் தடவினார். "உன் கல்யாணத்தன்னைக்கு எனக்கு என்னம்மா ஆச்சு?"

வெளிச்சம் வரிசை வரிசையாக இறங்கியது. எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. 'செருப்பு காணாமப் போச்சு. மச்சான் செருப்ப மாட்டிட்டுப் போயிட்டீங்க.'

மாமா முதலில் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சொல்லு தாயி. எவ்வளவு நேரமானாலும் இருக்கோம்."

ராத்தா 'மச்சான்' என்று கூப்பிட்டாள். மணி அடித்தது. மச்சான் அதே அறையில்தான் இருந்தார். ஆனாலும் எழுந்து கட்டில் பக்கம் வந்து நின்றார். அவள் எழுதினாள்: 'நூராட்ட கேட்டீங்களா?'

யாரும் கேட்டிருக்கவில்லை. நூரா என் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். மாமா அவளைக் கூப்பிட்டு, "சென்னைக்குப் போறியாம்மா?" என்று கேட்டார். அவள் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, "நீ சொல்லு உம்மா," என்றாள்.

'நூரா' என்று விழுந்தது. மணி அடித்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் எதுவும் இல்லை. பிறகு, 'இங்கன இரு.'

முதலில் எழுந்தது சென்னை அக்காதான். "போதும். எனக்குப் பிள்ள வேணுங்கிற நினைப்புல இவளக் கேக்காமப் போயிட்டேனே," என்று சொல்லி ராத்தாவின் காலடியில் உட்கார்ந்து அவள் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

நான் வெளியே ஓடினேன். மேடம் தெருமுனையில், தையல்கடைக்கு முன்னால் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். என்ன முடிவாயிற்று என்று கேட்கவில்லை.

"எங்கயாவது நின்னுச்சா?"

"இல்ல மேடம்."

"மச்சான்னு கூப்பிட்டாங்களா? அது அஞ்சு."

"கூப்பிட்டா. ஓடுச்சு. நூரா இங்கனதான் இருக்கப் போறா."

"இதுவரைக்கும் சரி," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நின்றேன்.

ராத்தா அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தாள். நூராவைப் படிக்கச் சொல்லி எழுத்து எழுத்தாகத் திட்டினாள். அந்தப் பழுப்பு மெஷினும் ஒருநாள் போனது. அப்போது மேடம் ஊரில் இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் கழித்துப்போட்ட மெஷின் ஒன்றைக் கொடுத்தார்கள். நாலு நாலாக எடுக்கும் சாதி. அங்கே வேலை பார்த்த ஒருவர் திரையில் எழுத்து வரையும் பகுதியை மட்டும் மாற்றி எழுதினார். மற்றதைத் தொடவே வேண்டியிருக்கவில்லை என்று சொல்லி, "யாருங்க இத எழுதினது?" என்று கேட்டார்.

மேடம் ஊரைவிட்டுப் போனது வீட்டுக்காரருக்கு வடக்கே எங்கேயோ மாற்றலான ஒரு சித்திரை மாதத்தில். விடைபெற வந்தார். உம்மா நேரமெடுத்து இடியாப்பம் செய்திருந்தாள். ராத்தா நன்றி சொல்லுவாள் என்று நாங்கள் எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் எழுதியது: 'வீட்ல உங்கள எப்படிக் கூப்பிடுவாங்க?'

மேடத்துக்கு வெட்கம் வந்துவிட்டது. சின்னப் பிள்ளை மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு, குனிந்து ராத்தாவின் காதில் ஏதோ சொன்னார். ராத்தாவின் பெருவிரல் அசைந்தது. மணி அடித்தது. திரையைப் பார்த்து மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த நேரம் பார்த்து நான் காப்பி டம்ளர்களோடு டிவிக்குப் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தேன். சுற்றிக்கொண்டு முன்னால் போவதற்குள் ராத்தா அதை அழித்துவிட்டாள்.

அது என்ன பெயர் என்று பிறகு எத்தனையோ தடவை கேட்டேன். ராத்தா கண்ணை மூடிக்கொள்வாள். ஆனால் திறக்கமாட்டாள்.